கழனி வண்டி

என் வயதுக்காரர்களே, காலையில் நீங்கள் போனில் அனுப்பும் படங்களையெல்லாம் நான் பார்க்கத்தான் செய்கிறேன். மண்பானை, கொய்யா மரம், ஒரே பாயில் படுத்திருக்கும் பிள்ளைகள். அடியில், அந்தக் காலத்து மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று ஒரு வரி. நானும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அந்தக் காலம் என்றதும் எனக்கு முதலில் வருவது ஒரு நாற்றம். புளித்த சோறும் மீன் முள்ளும் மழைத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து வெயிலில் நின்ற நாற்றம். இத்தனை வருடம் சவர்க்காரம் போட்டும் என் விரல் இடுக்கில் அது இன்னும் இருக்கிறது போல எனக்குத் தோன்றும்.

எல்லோரும் ஆளுக்கொன்று எழுதிவிட்டீர்கள், நான் மட்டும் பாக்கி என்றீர்கள். சரி, எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திகனைப் பக்கம் எங்கே பார்த்தாலும் லொறியும் செம்மண் தூசியும் வெள்ளைக்காரர்களின் ஜீப்புகளும்தான். அணை வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்ததும் இறைச்சிக்கு விலை ஏறியது. பன்றி வளர்த்தவர் முதலாளி ஆனார். எங்கள் முதலாளி அப்படி ஆனவர். எங்கள் ஆள்தான், தமிழர்தான், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் பூசையில் முன் வாங்கில் முழங்காலில் இருப்பவர்தான். திகனைக்கும் தெல்தெனியவுக்கும் நடுவில், ரோட்டுக்குக் கீழே சரிவில் அவருடைய பன்றிப்பட்டி இருந்தது. தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த அப்பா அங்கே பன்றி பார்த்தார். அம்மா முதலாளி வீட்டுக் குசினியில் வேலை. பட்டியை ஒட்டியே எங்களுக்கு ஓர் அறை. பன்றிகளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர். அதுவும் மேலே கூரையைத் தொடாத சுவர்.

அந்த வருடம் மழை தொடங்கியபோது கிடாப் பன்றி ஒன்று அப்பாவின் தொடையைக் கிழித்துவிட்டது. நாட்டு மருந்து வைத்துக் கட்டினோம். ஆறவில்லை. கால் வீங்கி, கட்டு நனைந்து, அறைக்குள் இன்னொரு நாற்றம் சேர்ந்தது. முதலாளி பார்க்க வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுங்க மொதலாளி" என்றாள் அம்மா.

"போகலாம், போகலாம். மொதல்ல வேலய பாக்க ஆளச் சொல்லு. ஒம் புருசன் படுத்துட்டான்னு பன்னிங்களுக்குத் தெரியுமா? அதுங்களுக்குப் பசிக்கும்ல?"

அவர் என்னைப் பார்த்தார்.

"இவ இருக்காளே. நல்லாத்தான வளந்துருக்கா."

அப்பா பாயில் எழுந்து உட்காரப் பார்த்தார். "அது இஸ்கோலுக்குப் போவுதுங்க மொதலாளி."

"போயி?" என்றார் முதலாளி.

அவ்வளவுதான். என் படிப்பு அந்த ஒரு சொல்லில் முடிந்தது. அறை கையை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில் அப்பா மறுபடி படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நான் வண்டியை இழுத்தேன்.

கழனி என்றால் உங்களுக்குத் தெரியும். சோற்றுக்கடைகளில் மிஞ்சும் எச்சில் சோறு, கழுவிய தண்ணீர், தோல், முள் எல்லாம் சேர்ந்ததுதான். இரண்டு இரும்புச் சக்கரம் வைத்த கைவண்டி; அதில் மேல்பக்கம் வெட்டிய இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்கள். கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு இழுக்க வேண்டும். போகும்போது பீப்பாய் வெறுமையாகக் கடகடவென்று ஆடும். வரும்போது ஒவ்வொரு குழியிலும் தளும்பி என் முதுகில் ஊற்றும். தலையில், காதுக்குள், ஒரு தடவை வாய்க்குள்ளும்.

வெள்ளைக்காரர்களின் சமையற்கூடத்துக் கழனி ஒரு மாதிரி. கொழுப்பு, பாதி தின்ற உருளைக்கிழங்கு, மேலே மிதக்கும் சிகரெட் துண்டுகள். சோற்றுக்கடைக் கழனி வேறு மாதிரி. சோறு, பருப்பு, தலைமயிர், யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு. பட்டிக்குக் கொண்டுவந்ததும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். சோடா மூடியும் கண்ணாடியும் பன்றியின் வயிற்றுக்குள் போய்விடக்கூடாது. ஒருநாள் சவரப் பிளேடு ஒன்று உள்ளங்கையை வெட்டியது. அதற்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு இன்னொரு துண்டு இருக்கிறதா என்று தேடினேன்.

இன்னொரு நாள் கடதாசியில் சுற்றியபடியே ஒரு கேக் துண்டு கிடைத்தது. ஓர் ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது. தின்றேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். நன்றாக இருந்தது. பன்றிகளிடத்திலும் பீப்பாயிலும் எனக்கு அருவருப்பு முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டது. கை பழகிவிடும், மூக்கும் பழகிவிடும். மனிதர்களிடத்தில்தான் பழகவில்லை. இன்றுவரை.

சோற்றுக்கடைக்காரர்கள் வாளியைக் காலால் தள்ளுவார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நான் வருவது தெரிந்ததும் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, நான் கடந்து போன பிறகு சத்தமாக மூச்சு விடுவார்கள். கடைசியில் ஒரு முஸ்லிம் கடை. மளிகையும் மரக்கறியும் விற்கும் நானா ஒருவர். அழுகிய மரக்கறியைத் தனிச் சாக்கில் கட்டி வைத்திருப்பார். முதல் நாள் என்னைப் பார்த்து, "இது மாட்டுக்குத்தானே மகள்?" என்றார். "மாட்டுக்குத்தான் ஈக்கும். நான் வேற ஒண்டும் கேக்கல்ல" என்று அவரே சொல்லிவிட்டுச் சாக்கை நீட்டினார். கையில் நீட்டினார், கவனியுங்கள். பிறகு கேத்தலில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார். அந்தப் பாதையில் எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றியவர் அவர் ஒருவர்தான்.

அந்த மழைக்காலத்தில்தான் கோயிலில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் வந்தது. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் என்னைக் கதவுக்கு வெளியே, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார். "காத்துப் படட்டும்" என்றார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டரும் கொஞ்சம் சிரித்தார்.

வெள்ளைச் சட்டை எனக்கு இல்லை. பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது முதலாளியம்மா தன் மகளின் பழைய சட்டை ஒன்றை எடுத்து என் தோளில் வைத்து அளந்து காட்டினார். "பாவம், இந்தப் புள்ள உடுப்பில்லாம நிக்கக்கூடாது." சுற்றி நின்றவர்கள் எல்லோரும், என்ன மனசு, என்ன மனசு என்றார்கள். அம்மா குனிந்து அவர் கையைத் தொட்டு முத்தமிட்டாள். உறுதிபூசுதலன்று பிஷப் ஆண்டவர் வந்து என் நெற்றியில் எண்ணெய் பூசினார். நான் அன்று நிறைய எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்திருந்தேன்.

அன்றைக்கே முதலாளி பங்களாவின் பின்வாசலில் சட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து நீட்டினேன். முதலாளியம்மா கையால் வாங்கவில்லை. ஒரு விறகுக் குச்சியை எடுத்து அதன் நுனியில் சட்டையைத் தூக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். "ரெண்டு தரம் கொதிக்க வை" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கொதிக்க வைத்தாள். அடுத்த வாரம் முதலாளியின் காரை அந்தச் சட்டையால் டிரைவர் துடைத்துக்கொண்டிருந்தார். சரிகை வைத்த கழுத்துப் பகுதியால் சக்கரத்தைத் துடைத்தார்.

கோயில் திருவிழாவுக்கு முந்திய வாரம் பன்றிகளுக்கு நோய் வந்தது. முதலில் தொட்டிக்கு வரவில்லை. கழனி ஊற்றும் சத்தம் கேட்டால் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவருகிற பிராணிகள் மூலையில் குவிந்து படுத்திருந்தன. காதுகள் சிவந்து பிறகு கறுத்தன. வயிற்றிலும் முதுகிலும் செங்கல் பதித்தது போலக் கட்டம் கட்டமாகச் சிவப்பு. ஒரு தாய்ப்பன்றி முதலில் செத்தது. குட்டிகள் அதன் மடியை விடாமல் சப்பிக்கொண்டிருந்தன. மறுநாள் இன்னொன்று.

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். வந்து பார்த்தார். பிறகு நன்றாக இருந்தவற்றைப் பிரித்து லொறியில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்பினார். மிச்சத்தில் பெரியவற்றை வெட்டச் சொல்லி வெட்டுக்காரரை வரவழைத்தார். பட்டப்பகலில், மழைத் தூறலில், ஒன்றன் பின் ஒன்றாக வெட்டினார்கள். இரத்தத்துக்குத் தாம்பாளம் பிடித்தது நான்.

"சாகுறதுக்கு முன்ன வெட்டிட்டா அது எறச்சி. செத்தப்பொறந்தான் பொணம்" என்றார் முதலாளி, எனக்குப் பாடம் சொல்லித் தருவது போல.

செத்துக் கிடந்த இரண்டையும் இழுத்து வந்தார்கள். வயிறு உப்பியிருந்தது. வெட்டுக்காரர் கத்தியை வைத்ததும் வந்த காற்றில் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மொதலாளி, இது ரெண்டும் செத்துப்போனதுங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேங்க."

"இல்ல. நீ பாக்கல." கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "போயி தண்ணி கொண்டா."

செத்ததையாவது புதைத்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். சாயந்தரம் அம்மா மிளகாயும் மஞ்சளும் மலையாகக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. திருவிழாச் சாப்பாடு. வருடா வருடம் அன்றைய தினம் முதலாளியின் செலவில் ஏழைகளுக்குப் பன்றி இறைச்சிக் கறியும் சோறும் போடுவார்கள். மலைத் தோட்டங்களின் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் விடியும் முன்பே நடந்து இறங்கி வருவார்கள், கையில் அவரவர் சோற்றுக் கோப்பையோடு. முந்திய வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தின்ற ஒருத்தி, தன் இறைச்சித் துண்டுகளை வாயில் வைக்காமல் ஒவ்வொன்றாகக் குழம்பைத் துடைத்துச் சேலைத் தலைப்பில் முடிந்ததை நான் பார்த்திருந்தேன். வர முடியாமல் வீட்டில் கிடந்த யாருக்கோ. அந்த முடிச்சுதான் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

"அம்மா, அது செத்த பன்னி."

அம்மா தலை நிமிரவில்லை. மிளகாயைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பாயிலிருந்து அப்பாதான் பேசினார்.

"சும்மா கெட புள்ள. நம்மளுக்குன்னு இருக்கிறது இந்தக் கூர ஒன்னுதான். ஒங்காத்தா சமைக்கிறா, அவ்வளவுதான். தின்னச் சொன்னாளா?"

மறுநாள் வெட்டுக்காரரைக் கடைத்தெருவில் பார்த்தேன். வலது கை விரல்கள் ஊதா நிறத்தில் வாழைப்பழம் போல வீங்கியிருந்தன. ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றார்.

ஃபாதரிடம் போனேன். கோயில் முற்றத்தில் காகிதக் கொடி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசம் படாத தூரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் நிறுத்தாமல் கேட்டார். நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேட்டு முடித்துவிட்டுப் புன்னகைத்தார்.

"மகள், அந்தச் சட்டையத் திருப்பி வாங்கிட்டாங்கன்னு ஒனக்குக் கோவம். இல்லையா?"

சட்டை எங்கே, பன்றி எங்கே.

"தானம் செய்யிற மனுசன் மேல பொய்க்குத்தம் சொல்றது பாவம். எறச்சிய நல்லா வேக வச்சா எதுவும் செய்யாது. போய் ஒரு செபமால சொல்லு."

வேக வைத்தால் ஒன்றும் செய்யாது என்றாரே, அப்படியானால் நான் சொன்னதை அவர் நம்பியிருக்கிறார். இந்த விஷயம் எனக்கு அன்று விளங்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று விளங்கியது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் துப்பினேன்.

திருவிழாவன்று பட்டியில் மிஞ்சியிருந்த சில பன்றிகளுக்கும் தீனி வேண்டுமே. வழக்கம் போல வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பூசை முடியும் நேரம். ஒலிபெருக்கியில் ஃபாதரின் குரல் ரோடு வரை கேட்டது. கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் சமையல். மழையில் விறகு நனைந்திருந்ததால் புகை தரையோடு தரையாக நின்றது. மேட்டில் லயத்து ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பிள்ளைகள் வெறும் கோப்பையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் முன்கூட்டியே திட்டம் போட்டு வந்ததாக நீங்கள் நினைத்தால் தவறு. ரோட்டில் நேராகப் போக வேண்டிய வண்டி, அந்தத் தாளத்தைக் கேட்டதும் பின்வாசல் பக்கம் திரும்பிவிட்டது. என் கால்கள்தான் திருப்பின. ஆனால் யாரோ பிடித்துத் திருப்பியது போலத்தான் இருந்தது.

கொட்டிலில் இறைச்சிக்குப் பெரிய கிடாரங்கள் மூன்று. அம்மாவும் இன்னும் சில பெண்களும் அகப்பையோடு நின்றார்கள். நல்ல மசாலா வாசம், அதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கும் வாயில் நீர் ஊறியது. பீப்பாயில் வாளியை விட்டு முகந்து முதல் கிடாரத்தில் ஊற்றினேன். பிறகு இரண்டாவதில். மற்றப் பெண்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். அம்மா மட்டும் நகரவில்லை. என்னைத் தடுக்கவும் இல்லை. நான் ஊற்ற வசதியாக அகப்பையை மட்டும் வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டாள். சிகரெட் துண்டுகளும் பழைய சோறும் சிவந்த குழம்பின் மேல் சுற்றிச் சுற்றி வந்தன. மூன்றாவதிலும் ஊற்றினேன்.

அதற்குள் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். "செத்த பன்னி!" என்று கத்தினேன். "இதுல செத்த பன்னி கெடக்கு! நோவு வந்த பன்னி! தின்னாதீங்க!"

யாரும் கேட்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கி வந்த பெண்கள் கிடாரத்தை எட்டிப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி என் தலைமயிரைப் பிடித்தாள். "பாவி மகளே, வருசத்துக்கு ஒரு தரம் புள்ளைக கறி தின்னுறது ஒனக்குப் பொறுக்கலியா?" இன்னொருத்தி முகத்தில் துப்பினாள். யார் யாரோ அடித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. நடந்து வந்த பசி அது.

கூட்டம் விலகியது. முதலாளி வந்தார், வெள்ளை வேட்டி, தோளில் குறுக்கே திருவிழாப் பட்டைத்துணி. பின்னால் பூசை உடுப்பு மாற்றாத ஃபாதர். முதலாளி கிடாரங்களைப் பார்த்தார். என்னைக் கன்னத்தில் அறைந்தார். கீழே விழுந்தேன். அது வலித்தது, அவ்வளவுதான். அதன் பிறகு அவர் சொன்னதுதான் விஷயம்.

"சரி சரி, ஒன்னும் ஆவல. எறச்சிய எடுத்துத் தண்ணியில அலசுங்க. மறுபடி மசாலாவப் போட்டு ஒரு கொதி விட்டுக் குடுங்க. அதுங்களுக்கு என்னா தெரியப்போவுது? அதுங்க தின்னாததா?"

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூட்டம் அமைதியாக இருந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. என் மயிரைப் பிடித்தவளுக்கும் கேட்டது. அவள் கை தானாகக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாகுது. கெதியா செய்யுங்க" என்றார்.

அப்போதுதான் அம்மா அசைந்தாள். நனைந்த விறகைப் பற்ற வைக்கக் கொண்டுவந்த மண்ணெண்ணெய் டின் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நெருப்புக்குத் தூரமாக அதை எடுத்துக்கொண்டு போனாள். எரிந்த விறகுகளை முதலில் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அவசரமே இல்லை. அலசுவதற்கு ஆயத்தம் செய்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். பிறகு டின்னைத் திறந்து முதல் கிடாரத்தில் ஊற்றினாள். நடந்து போய் அடுத்ததில். கடைசிக் கிடாரத்தில் டின்னைக் கவிழ்த்து அடியைத் தட்டினாள்.

"ஏய்! ஒனக்குப் பைத்தியமா? ஒன்னயும் ஒங் குடும்பத்தயும்..."

"போறோங்க மொதலாளி" என்றாள் அம்மா. மரியாதையாகத்தான் சொன்னாள். "நீங்க சொல்லத் தேவல்ல. இந்தா, போறோம்."

மேட்டில் கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு கிழவர் முதலில் எழுந்து, தன் கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார். பின்னால் இன்னும் சிலர். எல்லோரும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பருப்பும் சோறும் வாங்கித் தின்றவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வெறும் வயிற்றோடு எப்படித் திரும்புவது? ஆனால் இறைச்சியை யாரும் தொடவில்லை.

பின்னாளில் ஒரு மிருக வைத்தியரிடம் இந்தக் கதையைச் சொல்லிக் கேட்டேன். அந்த நோய் வெட்டுகிறவன் கையில் ஏறும், நன்றாக வெந்த இறைச்சியைத் தின்றவர்களுக்கு ஒருவேளை எதுவும் ஆகாமலும் இருந்திருக்கலாம் என்றார். செத்து உப்பியதைப் பற்றிக் கேட்டபோது அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். யாராவது செத்திருப்பார்களா என்பது எனக்கு இப்போது பெரிய கேள்வி இல்லை. நல்லதைக் கண்டிக்கு ஏற்றிவிட்டு, இதை மசாலா போட்டு, செபம் சொல்லி, சிரித்த முகத்தோடு பரிமாற இருந்தார்களே. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

முதலாளிக்கு ஒரு கேடும் வரவில்லை. மிஞ்சிய பன்றிகளும் செத்துப்போக, பட்டியை மூடிவிட்டுக் கண்டியில் கடை போட்டார். நன்றாக வாழ்ந்தார். அவருடைய படம் இப்போதும் ஒரு மண்டபத்தில் மாலையோடு தொங்குகிறது. நான் மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. நானாவின் கடைப் பின்கட்டில் அம்மாவும் நானும் வெங்காயம் உரித்தோம், தேங்காய் உடைத்தோம். பிறகு செங்கல் சூளை, அதற்குப் பிறகு குண்டசாலையில் ஒரு பேக்கரி. பாண் சுடும் சூளைக்கு முன்னால் நின்று நின்று என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அப்பா பல வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கிழவரான பிறகு அந்தக் கதையை அவரே வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினார். தான்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியது போலச் சொல்வார். அம்மா அப்போது எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அதெல்லாம் பின்னால். அன்று பகல் எங்கள் சாமான் ஒரு சாக்குக்குள் அடங்கிவிட்டது. அப்பாவால் நடக்க முடியாது. பஸ்ஸில் எங்களை ஏற்றவும் மாட்டார்கள். பீப்பாய்களை ரோட்டோரம் உருட்டித் தள்ளிவிட்டு, வண்டியில் சாக்கை விரித்து அப்பாவைப் படுக்க வைத்தோம். வண்டி முதலாளியுடையது. கேட்கவில்லை. தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி நல்ல இறக்கம். நான் முன்னால் கால் ஊன்றித் தடுத்துக்கொண்டு போனேன். அம்மா பின்னால் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தபடி வந்தாள். எதிரே வந்த லொறிக்காரர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அப்பா எங்களுக்கு முகம் காட்டாமல் திரும்பிப் படுத்து, இனி எங்கே போவது, யார் அறை தருவார்கள் என்று முனகிக்கொண்டே வந்தார்.

ஒரு வளைவில் இளைப்பாற நின்றோம். சக்கரத்துக்கு நான் கல் வைத்தேன். என் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அம்மா கிட்டே வந்து என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அவள் தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"புது டின்னு, புள்ள" என்றாள். "முக்கால்வாசி இருந்திச்சு. அம்புட்டு எண்ணயும் வீணாப்போச்சு."

சொல்லிவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா வாய் விட்டுச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. "ரெண்டுக்கும் பைத்தியம்" என்றார் அப்பா வண்டிக்குள்ளிருந்து. அதற்கும் சிரித்தாள். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்து, சக்கரத்தடியிலிருந்த கல்லைக் காலால் தட்டிவிட்டாள்.